என்னாலதான்

அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த எங்கள் மைனி எங்களிடம் பேசிய முதல் வார்த்தையே "என்னாலதான்" என்பதுதான். ராயகிரியில் தாலி கட்டி முடித்து, மாப்பிள்ளை வீட்டு வேனில் சங்கரன்கோவிலுக்கு வந்துகொண்டிருந்தோம். வழியில் டயர் வெடித்துவிட்டது. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் வேப்பமரத்தடியில் நின்றோம். பட்டுப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைனி என் அம்மாவிடம் போனாள்.

"என்னாலதான் அத்தை. நான்தான் புத்தகப் பெட்டியையும் ஏத்தச் சொன்னேன். பாரம் கூடிருச்சு."

டிரைவர் கழற்றிப் போட்ட டயரை நான் பார்த்தேன். வழுக்கைத் தலை மாதிரி தேய்ந்திருந்தது. அதற்கும் புத்தகப் பெட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அம்மா என் பக்கம் திரும்பி, "நல்ல பிள்ளையா இருக்கா. வம்புதும்புக்கு வரமாட்டா" என்றாள்.

அம்மா சொன்னது சரிதான். மைனி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சில வருடங்களில் யாரும் யாரோடும் பெரிதாகச் சண்டை போட்டதாக ஞாபகம் இல்லை. சண்டை தொடங்குவதற்கு முன்பே மைனி குற்றத்தை வாங்கிக்கொண்டுவிடுவாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் குளித்துத் தொட்டி காலியானால், "என்னாலதான், காலைல மோட்டார் போட மறந்துட்டேன்." அண்ணன் பைக் சாவியைத் தொலைத்தால், "என்னாலதான், மேசையை நான்தான் ஒதுங்க வச்சேன்." ஒரு தடவை நான் ஸ்கூட்டியைப் பெட்ரோல் தீரும்வரை ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். மறுநாள் அவசரத்துக்கு எடுத்த அண்ணன் பாதி வழியில் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து கத்தினான். மைனி அடுப்படியிலிருந்து வந்து, "நான்தான் நேத்து எடுத்துட்டுப் போனேன்" என்றாள். அவள் அந்த வண்டியைத் தொட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். நான் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தேன்.

பழகிவிட்டது. வாசலில் செருப்பு கிடப்பது போல, அந்த வீட்டில் அந்த வார்த்தை எப்போதும் கிடந்தது. யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

மைனிக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. கொரோனா முடிந்த பிறகும் அந்தக் கம்பெனி வீட்டிலிருந்தே பார்த்தால் போதும் என்று விட்டிருந்தது. மாடி அறையில்தான் இன்வெர்ட்டர் இணைப்பு இருந்தது. அதனால் மைனி ஜன்னலோரம் லேப்டாப்போடும், நான் கட்டிலில் அரசுத் தேர்வுப் புத்தகங்களோடும் பகலெல்லாம் ஒரே அறையில் இருப்போம். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தம் மீட்டிங்கில் கேட்டுவிடும் என்று மைனி எப்போதும் மைக்கை அணைத்தே வைத்திருப்பாள். பேச வேண்டிய நேரத்தில் மட்டும் பட்டனை அழுத்தி, முதலில் தறிச் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு விஷயத்துக்கு வருவாள்.

"மைனி, நாளெல்லாம் அதுல என்னதான் எழுதுதீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சிப்புக்குள்ள எது எதோட சேரணும்னு எழுதுதேன். மத்த புரோகிராம்லாம் மிஷின் ஒவ்வொரு வரியாப் படிச்சு வேலை செய்யும். இது அப்படி இல்ல. நான் எழுதுறதப் பாத்து மிஷினே தன்னைக் கட்டிக்கிடும். கட்டினதுக்கு அப்புறம் நான் எழுதுன வரி தேவையில்ல."

திரையில் ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்ததைப் பார்த்து, "இது ரெண்டு தடவை வந்திருக்கே" என்றேன்.

மைனி நாற்காலியைத் திருப்பினாள். அவளுக்கு இப்படி யாராவது கேட்டால் பிடிக்கும். "நம்ம தெருவுல எத்தனை கோமதி இருக்காங்க?"

"ஆறேழு இருக்கும்."

"நீ வாசல்ல நின்னு கோமதிக்கான்னு கூப்பிட்டா எந்தக் கோமதி வருவாங்க?"

"கையில ஜாக்கெட் துணி இருந்தா தையக்காரக் கோமதி. சொம்பு இருந்தா பால்காரக் கோமதி."

"அவ்வளவுதான் விஷயம். ஒரே பேர்ல ரெண்டு ஃபங்ஷன் எழுதலாம். நாம கையில எதக் குடுக்கோம்னு பாத்து, அதுக்கு உள்ளது வந்து செஞ்சு குடுத்துட்டுப் போகும்."

"ஆள் மாறி வந்துட்டா?"

"மாறாது. கூப்பிடுறதுல மிஷின் தப்பே பண்ணாது. வர்ற ஆளு ஒழுங்கா வேலை செய்யணும்."

ரியாஸ் மைனியின் டீமில் வேலை பார்த்தவன். கடையநல்லூர்க்காரன். அவன் வேலைக்கு விண்ணப்பித்தபோது மைனிதான் மேனேஜரிடம் எடுத்துச் சொல்லிச் சேர்த்துவிட்டாள். அவனும் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தான். அவர்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. மீட்டிங்கில் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். அது முடிந்ததும் அவன் தனியாகக் கூப்பிடுவான். "அக்கா, அந்தாளு கடைசியா என்ன சொல்லுதாரு?" என்று ஸ்பீக்கரில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிடும். மைனி சிரிப்பாள். அப்படி அவள் வேறு யாரோடும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் அவர்கள் செய்துகொண்டிருந்தது, பெரிய குளிர் அறைகளுக்கான ஒரு போர்டு. அறைக்குள் எவ்வளவு குளிர் இருக்கிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும். கடைசியாக வந்த எட்டு அளவுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, சூடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று போர்டு முடிவு செய்யும். ஏறினால் குளிரூட்டும் மிஷினை ஓடவிட்டு அலாரம் அடிக்கும். இறங்கினால் மிஷினை நிறுத்தும். ஏற்றமா இறக்கமா என்று பார்க்கும் ஃபங்ஷனை எழுதியது மைனி. அதை எடுத்துத் தன் பகுதியில் பயன்படுத்திக்கொண்டது ரியாஸ்.

கொச்சியில் ஒரு இறால் குடோனில் அந்தப் போர்டை முதலில் மாட்டினார்கள். ஒரு நாள் யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் போக, உள்ளே சூடு ஏறியது. போர்டு அதை இறக்கம் என்று எடுத்துக்கொண்டு மிஷினை நிறுத்திவிட்டது. அலாரம் அடிக்கவில்லை. திறந்து பார்த்தபோது ஏற்றுமதிக்கு வைத்திருந்த இறால் முழுக்க நாறிப்போயிருந்தது.

அதை விசாரிக்க ஒரு மீட்டிங் போட்டார்கள். அன்று எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. தறி ஓடவில்லை. எனக்கே வினோதமாக இருந்தது, அத்தனை அமைதி. நான் கட்டிலில் படித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் ஒரு வரியைத் திரையில் காட்டி, இது யார் எழுதியது என்று கேட்பது காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மைனியின் விரல் மைக் பட்டன் மேல் இருந்தது. நகம் வெளுக்கும் அளவுக்கு ஊன்றியிருந்தாள். ஆனால் அழுத்தவில்லை.

"என் வரிதான் சார். டெஸ்ட் பண்ணதும் நான்தான்" என்று ரியாஸ் ஆங்கிலத்தில் சொன்னான்.

மேனேஜர் அவனைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். நடுவில் இரண்டு முறை பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான், வேறு யாரோ பேசப்போகிறார்கள் என்பது போல. யாரும் பேசவில்லை. மீட்டிங் முடிந்தது. மைனி லேப்டாப்பை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என்னாலதான்."

நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "சரி மைனி, விடுங்க" என்றேன்.

ரியாஸை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கவனக்குறைவு என்று அவன் பேரில் எழுதியும் வைத்துவிட்டார்கள். அதைத் தாண்டி இன்னொரு கம்பெனிக்குள் நுழைவது கஷ்டம் என்று மைனி சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். முதலில் அண்ணனிடம். சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தவன் திரும்பக்கூட இல்லை. "நீ எதுக்குத்தான் அப்படிச் சொல்லல? போன வாரம் மழை பெய்யாததுக்கும் நீதான்னு சொன்ன."

"இது நெசமாவே நான்தாங்க."

"சரி, நீதான். போய்ப் படு."

பிறகு மேனேஜருக்குப் போன் செய்தாள். நான் அறையில்தான் இருந்தேன். அவர் சிரிப்பது எனக்கே கேட்டது. நீ எப்போதும் இப்படித்தான், டீமில் யார் தவறு செய்தாலும் உன் தலையில் போட்டுக்கொள்கிறாய், அந்தப் பையன் உன் ஊர்ப்பக்கம் வேறு, உன் மனசு எனக்குப் புரிகிறது என்றார். இப்படிப்பட்ட ஆள்தான் டீமை நடத்த வேண்டும், அடுத்த மாதத்திலிருந்து நீதான் லீடு என்றும் சொன்னார்.

அம்மா அன்று கேசரி கிண்டினாள். மைனி மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டாள். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்கு வந்தவள், என் எதிரே கட்டிலில் உட்கார்ந்து, என் பேனாவையும் ஒரு தாளையும் எடுத்தாள். ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எழுதினாள்.

"இடது பக்கத்துல இருந்து படி. ஏறுதா இறங்குதா?"

"ஏறுது."

"வலது பக்கத்துல இருந்து?"

"இறங்குது."

"அந்தப் பேர்ல ரெண்டு ஃபங்ஷன் எழுதியிருந்தேன். ஒண்ணுக்கு வரிசையை மட்டும் குடுத்தாப் போதும். அது இடமிருந்து படிக்கும். இன்னொண்ணுக்கு வரிசையும் குடுத்து, எத்தனை அளவு பாக்கணும்னும் சொல்லணும். எங்க அம்மாவுக்கு ஆபரேஷன்னு ராயகிரிக்கும் இங்கனைக்குமா அலைஞ்சேன்ல, அப்ப எழுதுனது அது. அத வலமிருந்து படிக்க விட்டுட்டேன். பேரு ஒண்ணா இருந்தா வேலையும் ஒண்ணா இருக்கும்னுதான எடுக்கிறவன் நினைப்பான். ரியாஸ் முதல்ல உள்ளதப் படிச்சுட்டு ரெண்டாவதக் கூப்பிட்டிருக்கான். அவன் டெஸ்ட்டுக்கு வச்ச எட்டும் ஒரே அளவு. எந்தப் பக்கம் படிச்சாலும் வித்தியாசம் தெரியாது."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மீட்டிங்குக்கு முன்னாடியே."

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன எத்தனையோ "என்னாலதான்"களில் நான் நம்பிய முதல் ஒன்று அது.

"பின்ன ஏன் மைனி பேசல?"

"பட்டன்லதான் கை இருந்துச்சு" என்றாள். தாளை மடித்துக்கொண்டே, "மத்ததுக்கெல்லாம் சொல்லும்போது ஒண்ணும் ஆவாதுன்னு எனக்குத் தெரியும்ட்டி. இதுக்குத் தெரியல" என்றாள்.

மறுநாள் இருவரும் பஸ்ஸில் புளியங்குடி வழியாகக் கடையநல்லூர் போனோம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. துணி எடுக்கப் போவதாகச் சொன்னோம்.

ரியாஸின் உம்மா கதவைத் திறந்தார். மைனி யாரென்று சொன்னதும் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதானாம்மா அது. எங்க புள்ளைக்கு வேலை வாங்கிக் குடுத்தவங்க. அவனுக்குத்தான் கூறு இல்லாமப் போச்சு. என்ன தப்பு செஞ்சானோ, கேட்டாச் சொல்ல மாட்டேங்கான்." டீ போடுவதற்காக உள்ளே போனார். அவன் வந்து எதிரில் உட்கார்ந்தான். குரலை வைத்து நான் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கல்லூரிப் பையன் மாதிரி இருந்தான்.

மைனி சுற்றி வளைக்கவில்லை. "ரியாஸ், அந்த ரெண்டாவது ஃபங்ஷன் தலைகீழாப் படிக்குது."

"தெரியும்க்கா."

மைனி அவனைப் பார்த்தாள்.

"மீட்டிங் அன்னைக்குக் காலையிலேயே பாத்துட்டேன். டெஸ்ட்டை நான் ஒழுங்காப் பண்ணல, அது என் தப்புதான். அதச் சொல்லிட்டு, மிச்சத்த நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். மீட்டிங்ல யாரு லைன் கட்டானாக்கூட நீங்கதான சாரி சொல்லுவீங்க. இதுக்குக் கண்டிப்பாச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன். வேலைய விட்டு அனுப்புற அன்னைக்கு வரைக்கும் நினைச்சேன்."

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க சேத்துவிட்ட வேலை. நான் எப்படிக்கா உங்களக் காட்டிக் குடுக்க?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. மைனி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "ரியாஸ், நான்..." என்று தொடங்கினாள்.

அவன் கையை உயர்த்தினான். கோபமாக இல்லை, களைப்பாகத்தான் இருந்தான். "மன்னிப்பு மட்டும் கேக்காதீங்கக்கா. அத நீங்க எல்லாருகிட்டயும் கேக்கீங்க."

உம்மா டீயோடு வந்தார். அவன் ஷார்ஜாவில் மச்சான் வைத்திருக்கும் மொபைல் கடைக்குப் போகப் போவதாகவும் விசா வந்துவிட்டதாகவும் அவர்தான் சொன்னார். "நாலு வருஷம் படிச்சது இதுக்கா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த மைனி மாடியைவிட்டு இறங்கவில்லை. சாப்பாட்டை நான்தான் மேலே கொண்டுபோனேன். சூடு ஏறும் அளவுகள் எட்டை எடுத்து, தன் இரண்டு ஃபங்ஷன்களையும் ஓட்டிக் காட்டினாள். ஒன்று ஏற்றம் என்றது. ஒன்று இறக்கம் என்றது. இரண்டாவதைத் தான் எழுதியது, மீட்டிங்குக்கு முன்பே தனக்குத் தெரிந்தது, தெரிந்தும் பேசாமல் இருந்தது, எல்லாவற்றையும் ஒரு மெயிலில் எழுதினாள். மேனேஜருக்கு மட்டும் அனுப்பினால் மறுபடி சிரித்துவிடுவார் என்று, டீமில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அதில் எங்குமே மன்னிப்பு என்ற வார்த்தை இல்லை என்பதைக் கவனித்தேன்.

அந்தத் தடவை மேனேஜர் சிரிக்கவில்லை. பையனின் கவனக்குறைவு என்று கொச்சிக்காரர்களிடம் ஏற்கெனவே சொல்லி முடித்துவைத்த விஷயம் அது. லீடு வேறொருவருக்குப் போனது. மைனியை மீட்டிங்குகளுக்குக் கூப்பிடுவது குறைந்தது. சில மாதங்களில், நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். அண்ணன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. "யாரோ ஒரு பையனுக்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கிட்டாளே" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். வழக்கமாக அந்த இடத்தில் வரும் வார்த்தைக்காக நாங்கள் எல்லோரும் ஒரு கணம் காத்திருந்தோம். மைனி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதற்குமே அந்த வார்த்தையை அவள் அதன் பிறகு சொல்லவில்லை. வீட்டில் சண்டைகள் வரத் தொடங்கின.

கம்பெனியை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒன்றை மட்டும் விடாமல் கேட்டு வாங்கினாள். ரியாஸின் பேரில் எழுதியிருந்ததை எடுத்துவிட்டு, அவன் மேல் எந்தக் குறையும் இல்லை என்று கம்பெனி எழுதிக்கொடுத்தது. அவனுக்கும் மெயிலில் அனுப்பினார்கள். அவன் அப்போது ஷார்ஜாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். பதில் எதுவும் வரவில்லை. "பாத்தானோ என்னமோ" என்று மைனி நாலைந்து நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், "கடையநல்லூருக்கு வாரியா?" என்று கேட்டாள்.

உம்மாவுக்கு எங்களைப் பார்த்ததும் மறுபடி அதே சந்தோஷம். மைனி உட்காரவில்லை. "உங்க மகன் மேல தப்பு இல்லைன்னு கம்பெனியே சொல்லிருச்சும்மா" என்றாள்.

"அது எனக்கு முன்னாலயே தெரியுமே" என்றார் அவர். பிறகு, "அப்ப யாரு மேல தப்பாம்?" என்று கேட்டார்.

"என் மேல."

உம்மா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏதாவது கத்துவார் என்று நான் பயந்தேன். அவர் உள்ளே போய் ஒரு போனை எடுத்துக்கொண்டு வந்தார். மகனுக்கு அழைப்புப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, மைனியின் கையில் கொடுத்தார்.

"எங்கிட்டச் சொன்னத அவங்கிட்டச் சொல்லுங்க."

"உம்மா" என்றது ரியாஸின் குரல்.

"நான்தான் ரியாஸ், அக்கா பேசுதேன்" என்றாள் மைனி. மைனி தன் போனில் இருந்த கம்பெனிக் கடிதத்தைத் திறந்து, முதலிலிருந்து கடைசிவரை ஆங்கிலத்தில் படித்தாள். படித்து முடித்துவிட்டு உம்மாவுக்காக அதையே தமிழில் சொன்னாள். "தப்பு முழுக்க என்னோடது, ரியாஸ். எல்லாருக்கும் தெரியுற மாதிரி எழுதிட்டேன். உம்மாகிட்டயும் சொல்லிட்டேன்." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அவன் கேட்டுக்கொண்டிருக்கிறானா இல்லையா என்று தெரியாத அளவுக்கு நேரம் போனது.

"சரிக்கா" என்றான் கடைசியில். "கடையில ஆள் நிக்காங்க. வைக்கட்டுமா?"

"வைய்யி" என்றாள் மைனி.

போனை உம்மாவிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, திரையைச் சேலையில் துடைத்தார். மைனியின் முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில் சொன்னார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா. அங்க ஜும்மாத் தொழுகை முடிஞ்சுதான் கடையே தொறப்பாங்க. அழுவுதான்."